மிச்ச நூலின் கணக்கு

தீபாவளி முடிந்து சில நாட்களில் தில்லியில் கட்டில்களைத் திறப்பார்கள். இங்கே பல வீடுகளில் கட்டில் என்பதே ஒரு பெட்டிதான். மெத்தையை நகர்த்திப் பலகையைத் தூக்கினால் ரஜாய், கம்பளி, ஸ்வெட்டர், சால்வை எல்லாம் நாப்தலின் உருண்டை வாசனையோடு வெளியே வரும். மொட்டை மாடியில் அவற்றை வெயில் காட்டுவார்கள். அந்தக் குவியலின் அடியில் ஒரு துணிப்பையும் இருக்கும். அதற்குள் நூலுருண்டைகள். மெரூன் கொஞ்சம், பாட்டில் பச்சை கொஞ்சம், எந்தக் குழந்தைக்குப் பின்னியது என்று மறந்தே போன இளநீலம் கொஞ்சம். அந்தப் பையை யாரும் வெயில் காட்டுவதில்லை. தூக்கி எறிவதும் இல்லை. ரஜாய் வெளியே இருக்க, பை மட்டும் மீண்டும் உள்ளே போகிறது.

ஒரு குடும்பத்தில் இவ்வளவு மிச்சம் எப்படிச் சேர்ந்தது? ஊதாரித்தனத்தால் அல்ல, முன்யோசனையால். கம்பளி நூலின் லேபிளில் நிற எண்ணோடு 'லாட்' எண் என்று ஒன்றும் இருக்கும். ஒரே தொட்டியில் ஒரே சமயத்தில் சாயம் ஏறிய நூலுக்கு ஒரே லாட் எண். பின்னிக்கொண்டிருக்கும்போது நூல் தீர்ந்து, கடைக்கு ஓடி அதே நிறத்தை வேறு லாட்டில் வாங்கி வந்தால், விளக்கு வெளிச்சத்தில் பொருந்துவது வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். முதுகு ஒரு நிறம், கை ஒரு நிறம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எப்போதும் ஒரு உருண்டை கூடுதலாக வாங்கினார்கள். மிஞ்சியதைப் பத்திரப்படுத்தவும் காரணம் இருந்தது. குழந்தை வளரும். அடுத்த குளிரில் கைப்பட்டியைப் பிரித்து இரண்டு அங்குலம் நீட்ட வேண்டியிருக்கும். முழங்கையில் ஓட்டை விழும். ஆக அந்தப் பை ஒரு சேமிப்புக் கணக்கு. கணக்கு வைத்திருந்த குழந்தைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், வேறு நாட்டுக்கும் போய்விட்டார்கள். கணக்கை முடிக்க மட்டும் யாரும் வரவில்லை.

குளிர் இல்லாத ஊரிலிருந்து வந்த நமக்கும் இது புதிதல்ல. ஒயர் கூடை பின்னிய வீடுகளில், சிவன் கண் கூடைக்கு வாங்கி மிஞ்சிய ஒயர் துண்டுகள் பரணில் கிடந்தன. ரவிக்கைத் துணி வெட்டியதில் மிஞ்சிய முக்கோணங்கள் தையல் மிஷின் இழுப்பறையில் கிடந்தன. உல்லன் நூல் என்றால் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஸ்வெட்டர் அல்ல. வாசல் தோரணம், சாமி படத்துக்கு மாலை, டெலிவிஷன் பெட்டிக்கு மேல் உட்கார்ந்திருந்த நாய்க்குட்டி பொம்மை. அந்தத் தோரணங்கள் தூசி படிந்து இறங்கிவிட்டன. மிஞ்சிய நூல் மட்டும் அநேகமாக இன்னும் எங்கோ இருக்கிறது.

தில்லியில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாழ்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். மத்திய அரசு அலுவலகங்களின் புல்வெளியில், மதிய இடைவேளை வெயிலில், வட்டமாக உட்கார்ந்த பெண்கள். ஒருவர் கையிலும் ஊசி ஓயாது. 'அரசாங்க நேரத்தில் ஸ்வெட்டர் பின்னுகிறார்கள்' என்று கேலி பேசாத பத்திரிகை இல்லை. அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் எண்ணிக்கையை யாரும் எழுதவில்லை. பிறகு லூதியானாவின் இயந்திரப் பின்னலும், திபெத்திய அகதிகள் குளிர்காலச் சந்தைகளில் விற்ற ஸ்வெட்டர்களும், நடைபாதைக் கடைகளும் வேலையை எளிதாக்கின. நல்ல கம்பளி நூல் ஒரு ஸ்வெட்டர் அளவுக்கு வாங்கும் காசில் அக்ரிலிக் ஸ்வெட்டர் தயாராகவே கிடைக்கிறது, மிச்சமும் கையில் நிற்கிறது. சிக்கனம் என்ற பழைய காரணம் செத்துப்போயிற்று. கடையில் புது நூல் வாங்கிப் பின்னுவது இன்று பொழுதுபோக்கு, அதில் தவறில்லை. ஆனால் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வீட்டில் கிடக்கும் நூல் வேறு விஷயம். அதற்குப் பழைய காரணம் இன்னும் செல்லும்.

கிழக்கு தில்லியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு பஞ்சாபி மூதாட்டி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். போன குளிர்காலத்தில் அவர் மருமகள் மூன்று பை நூலைப் பழைய சாமான்காரரிடம் போடத் தூக்கி வந்தார். கபாடிவாலா பையைப் பிரித்துப் பார்த்தார். பேப்பருக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை, பால் பாக்கெட் உறைக்குக்கூட ஒரு விலை உண்டு. "இதுக்கு ரேட் கிடையாது, பெஹன்ஜி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்படி மூன்று பை நூலும் வீட்டுக்குத் திரும்பியது. அப்புறம் என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தப் பையை என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதல் வேலை, எது என்ன நூல் என்று தெரிந்துகொள்வது. நூலைப் போலச் சேலை என்பது பழமொழி மட்டுமல்ல, நடைமுறை விதி. கடைக்காரர் எல்லாவற்றையும் 'ஊல்' என்றுதான் விற்றார். லேபிள் தொலைந்த உருண்டையில் இருப்பது ஆட்டு ரோமமா, அக்ரிலிக்கா என்பதை நெருப்பு சொல்லிவிடும். ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நின்று, நுனியைக் கொளுத்துங்கள். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும்; நெருப்பை விலக்கியதும் தானே அணையும்; சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் விடாமல் எரிந்து, உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். இரண்டும் கலந்த நூல் இரண்டு குணத்தையும் காட்டும்.

இந்தச் சோதனை வீண் வேலை அல்ல. சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்னினால் அது கையிலேயே உருகி ஒட்டும். அதற்குப் பருத்தி அல்லது நல்ல கம்பளிதான் வேண்டும். கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். அக்ரிலிக் அப்படிச் சுருங்காது, ஆனால் இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் துவண்டு உயிர் இழந்துவிடும். இரண்டையும் ஒரே போர்வையில் கலந்தால் நாலு துவைப்பில் ஒரு கட்டம் சுருங்கும், பக்கத்துக் கட்டம் தொங்கும். அதனால் கம்பளி ஒரு பை, அக்ரிலிக் ஒரு பை, பருத்தி ஒரு பை என்று பிரித்துவிடுங்கள். துணிப்பூச்சி அரித்த கம்பளியும் இருக்கும். பூச்சியின் புழு தின்பது ரோமத்தை. வெறும் அக்ரிலிக் அதற்கு ருசிப்பதில்லை. சந்தேகமான உருண்டைகளைப் பாலிதீன் உறையில் இறுகக் கட்டி ஃப்ரீஸரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். இழுத்த இடமெல்லாம் அறும் நூலை மட்டும் தயங்காமல் குப்பைக்கு அனுப்பலாம்.

அடுத்தது எடை. மிச்ச நூலோடு மல்லுக்கட்டுபவர்கள் செய்ய வேண்டியது நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நிறுத்துப் பார்ப்பது. சமையலறைத் தராசு போதும். சாதாரண 4 பிளை நூலில், பெரியவர்களுக்கான முழுக்கை ஸ்வெட்டருக்கு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் பிடிக்கும். மஃப்ளருக்கு 150 முதல் 200. ஒரு ஜோடிக் காலுறைக்கு 80 முதல் 100. குல்லாய்க்கு 60 முதல் 80. பிறந்த குழந்தையின் குல்லாய்க்கு 25 கிராம் தாராளம். ஆறு அங்குலச் சதுரம் ஒன்றுக்கு 10 முதல் 12 கிராம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் 'இதை வைத்து என்ன செய்வது' என்ற மலைப்பு பாதி குறையும். உருண்டையின் மேல் எடையை ஒரு சீட்டில் எழுதிச் செருகிவிட்டால் அடுத்த முறை பிரித்துப் பார்க்க வேண்டியதும் இல்லை.

சதுரங்கள்தான் மிச்ச நூலின் பழைய நண்பன். அகலத்தில் ஆறு, நீளத்தில் எட்டு என்று 48 சதுரம் சேர்த்தால் மூன்றடிக்கு நாலடிப் போர்வை. 48 சதுரத்துக்கு 576 கிராமுக்கு மேல் போகாது. இணைக்கவும் கரை கட்டவும் இன்னொரு நூறு கிராம். ஒரு மூதாட்டியின் ஒரு பையில் இது நிச்சயம் இருக்கும். சதுரத்தைக் கீழிருந்து மேலாகப் பின்னாமல் மூலைக்கு மூலை பின்னுவது இன்னும் சௌகரியம். ஒரு தையலில் தொடங்கி வரிசைக்கு ஒரு தையல் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வேண்டிய அகலம் வந்ததும் வரிசைக்கு ஒன்று குறைத்துக்கொண்டே இறங்கினால் சதுரம் தயார். ஒரே நிறத்தில் ஓர் உருண்டை முழுவதையும் ஒரே துண்டாக்க நினைத்தால், நூலின் எடை பாதியாகும்வரை கூட்டுங்கள், பிறகு குறையுங்கள். தொடங்கியது எங்கோ அங்கேயே கொண்டுவந்து விட்டுவிடும். நடுவில் நூல் போதாமல் தவிக்கும் பேச்சே இல்லை.

கடைசி வரிசைக்கு நூல் எட்டுமா என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. சாதாரணப் பின்னலில் ஒரு வரிசைக்கு, துண்டின் அகலத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு நூல் செல்லும். முடித்துக் கட்ட நாலு மடங்கு வைத்துக்கொண்டால் ஆபத்தில்லை. பத்து அங்குல அகலமானால் நாற்பது அங்குலம் மிச்சமிருக்கும்போது ஊசியை நிறுத்தி முடித்துவிட வேண்டும்.

நிறம் பொருந்தவில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. பொருத்த முயல்வதுதான் அதைக் குறையாக்குகிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய மெரூனுக்கு இணையான மெரூன் எந்தக் கடையிலும் இல்லை. தேடிப் போனால் இன்னும் இரண்டு உருண்டை வாங்கி வந்து பையைப் பெருக்குவோம், அவ்வளவுதான். மாறாக, சாம்பல் அல்லது கறுப்பு என்று ஏதாவது ஒன்று அதிகமாக இருந்தால், அதை எல்லா நிறங்களோடும் சேர்த்து இரட்டை இழையாகப் பின்னுங்கள். பச்சையும் ஆரஞ்சும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல் அடங்கிவிடும். இரட்டை இழை தடிமனாக வருவதால் மெல்லிய 10 ஆம் எண் ஊசிக்குப் பதில் 8 அல்லது அதைவிடப் பெரிய ஊசி வேண்டும். நம் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்கள் புழங்குகின்றன. எண் குறையக் குறைய ஊசி தடிக்கும்.

கோடுகள் போடுவதென்றால் மூன்று நிறம் எடுத்துக்கொண்டு வரிசைக்கு ஒரு நிறமாக மாற்றுங்கள். இரண்டு நிறத்தில் ஒற்றை வரிசைக் கோடு போட்டால், தேவைப்படும் நூல் எப்போதும் எதிர்க் கோடியில் தொங்கும். அறுத்து அறுத்து முடிய வேண்டும். மூன்று நிறமானால் ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் அடுத்த நிறம் அதே ஓரத்தில் காத்திருக்கும். ஐந்து நிறத்திலும் இது நடக்கும், நாலில் நடக்காது. ஒற்றைப்படை என்பதுதான் சூட்சுமம். நூலோடு நூல் இணைக்க முடிச்சுப் போடுவதைவிட, கம்பளியானால், இரண்டு நுனியையும் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, நனைத்து, உள்ளங்கைகளுக்கு இடையே சூடு பறக்கத் தேய்த்தால் ஒன்றாகிவிடும். மேல்நாட்டுப் பாட்டிகள் எச்சிலால் நனைப்பார்கள். நமக்குத் தண்ணீர் போதும். அக்ரிலிக்கில் இது பலிக்காது.

பின்னலுக்கு அகப்படாத துண்டுகளை நெசவு ஏற்றுக்கொள்ளும். இங்கே நெசவின் அடிப்படை உண்மை ஒன்று கைகொடுக்கிறது. பாவு நூல் இழுவையைத் தாங்க வேண்டும். அதனால் அது முறுக்கும் வலுவும் ஒரே சீராகவும் இருந்தாக வேண்டும். ஊடை நூலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தடித்தது, மெலிந்தது, துண்டு துண்டானது எதையும் ஊடையாகப் போடலாம். வங்காளத்தில் பீர்பூம் மாவட்டத்தில், சாந்திநிகேதன் பக்கம், 'கேஷ்' என்று ஒரு நெசவு. பாவில் புது நூல். ஊடையில் பழைய சேலைகளை நீளவாக்கில் கிழித்த பட்டைகள். பஞ்சாப், ஹரியானா கிராமங்களில் பெண்கள் வீட்டிலேயே தரி நெய்தார்கள். உறுதியான பருத்திப் பாவின்மேல் வண்ண ஊடையை நுழைத்து, புலிநகம்போன்ற 'பஞ்சா' என்ற இரும்புச் சீப்பால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் சீரில் பெண் தன் கையால் நெய்த தரிகளும் இருக்கும்.

நமக்குத் தறி வேண்டாம். கண்ணாடி உடைந்த பழைய படச் சட்டம் ஒன்று போதும். மேல்கட்டையிலும் கீழ்க்கட்டையிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் சின்ன ஆணிகள் அடித்து, முறுக்கேறிய பருத்தி நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் பாவு. கோணி ஊசியில் மிச்ச நூலை இரண்டு மூன்று இழையாகக் கோத்து, ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக ஓட்டினால் ஊடை. தட்டி இறுக்க ஒரு முள்கரண்டி. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஊடையை விறைப்பாக இழுக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் சிறு மேடுபோல் வளைத்து விட்டு, பிறகு தட்ட வேண்டும். இழுத்தால் ஓரங்கள் உள்வாங்கி, பாய் உடுக்கை வடிவத்துக்கு வந்துவிடும். நாற்காலிமேல் போடும் பதினைந்து அங்குல இருக்கைக்கு 150 முதல் 200 கிராம் நூல் செல்லும். ஒரு முழத்துண்டுகள்கூட இதில் பயனாகும். முடிச்சு வேண்டாம், பழைய நுனிமேல் புது நுனியை இரண்டு அங்குலம் ஏற்றி ஓட்டினால் போதும். அதிலும் சிறிய துண்டுகளைக் குண்டூசித் தலையணைக்குள் திணிக்கலாம். பறவை கூடு கட்டட்டும் என்று பால்கனியில் மட்டும் போடாதீர்கள். குஞ்சுகளின் காலில் நூல் சுற்றிக்கொள்ளும்.

பையில் நூல் மட்டுமல்ல, போட முடியாமல் போன ஸ்வெட்டர்களும் நூல்தான். கையால் பின்னியதை முடித்த இடத்திலிருந்து, பெரும்பாலும் கழுத்திலிருந்து, பிரிக்க வேண்டும். கடை ஸ்வெட்டரானால் பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். துணியை வெட்டி ஓரத்தை ஓவர்லாக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். வரிசைக்கு வரிசை துண்டாகத்தான் வரும். ஓரம் வெட்டுப்படாமல் சங்கிலித் தையலால் இணைத்திருந்தால் கடைசிவரை ஒரே நூலாகப் பிரியும். பிரித்த நூல் நூடுல்ஸ்போல் சுருண்டிருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கொடியில் தொங்கவிட்டு அடியில் ஏதாவது லேசான கனம் மாட்டினால் நேராகிவிடும். வட இந்திய வீடுகளில் குளிர்காலத் தொடக்கத்தில் இந்தச் சிட்டங்கள் தொங்காத பால்கனி ஒரு காலத்தில் குறைவு. அண்ணன் ஸ்வெட்டர் தம்பி ஸ்வெட்டராகி, பிறகு குல்லாயாகி, கடைசியில் காலுறையின் குதிகாலில் போய் முடிந்தது.

வீட்டில் நடந்த இதையே தில்லியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் உள்ள பானிப்பட் தொழிலாகச் செய்தது. மேல்நாட்டார் கழித்துப் போட்ட கம்பளி உடைகள் கப்பலில் வந்து இறங்கும். மறுபடி உடையாக விற்க முடியாதபடி கிழித்திருப்பார்கள். பொத்தானும் ஜிப்பும் அறுத்தெடுப்பார்கள், நிறவாரியாகக் குவிப்பார்கள். சிவப்புக் குவியலிலிருந்து சிவப்பு நூலே வரும் என்பதால் சாயம் போடும் செலவு மிச்சம். இயந்திரம் அவற்றைப் பஞ்சாகப் பீய்த்து, மறுபடி நூலாக்கி, முரட்டுக் கம்பளங்களாக நெய்யும். 'ஷாடி' என்ற இந்த முறையை இங்கிலாந்தில் யார்க்ஷயரின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா 1813-இல் தொடங்கிவைத்தார். வெள்ளத்திலும் பூகம்பத்திலும் நிவாரண அமைப்புகள் விநியோகித்த கம்பளங்களில் பல பானிப்பட்டில் பிறந்தவை. மெத்தென்ற பாலியெஸ்டர் போர்வைகள் வந்த பிறகு அந்தத் தொழிலும் தேய்ந்திருக்கிறது. பீய்த்த ரோமம் ஒவ்வொரு முறையும் குட்டையாகும், நூல் பலவீனமாகும். வீட்டில் பிரித்த நூலுக்கு அந்தக் குறை இல்லை. இழை அறுபடுவதில்லை, நீளம் அப்படியே இருக்கிறது. இயந்திரத்தால் முடியாத சிக்கனத்தை இரண்டு ஊசி செய்கிறது.

பின்னிய பிறகு யாருக்குக் கொடுப்பது? இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு நூலைத் தீர்க்க வேண்டும் என்பது அடுத்தவருக்குக் குல்லாய் வேண்டும் என்பதாகிவிடாது. மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குக் குல்லாய் பயன்படும். பச்சைக் குழந்தை தலைவழியாக உடல் சூட்டை வேகமாக இழக்கும். ஆனால் வார்டில் துணிகளை வெந்நீரில் துவைப்பார்களானால் கம்பளிக் குல்லாய் ஒரே துவைப்பில் பொம்மைக் குல்லாய் ஆகிவிடும். பொத்தான், மணி, விரல் சிக்கும் துளைப் பின்னல் எதுவும் கூடாது. முதலில் கேளுங்கள், பிறகு பின்னுங்கள். குளிரில் தெருவில் படுப்பவருக்கு வேண்டியது வண்ணச் சதுரங்களின் அழகு அல்ல, காலை மூடும் நீளம்.

கைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குளிரே இல்லாத சென்னையில் ஓர் உதாரணம் உண்டு. 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற அமைப்பினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல ஊர்களிலிருந்தும் பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகளைச் சேர்த்தது அது. சாதனை முடிந்ததும் பிரித்துத் தேவைப்பட்டோருக்குப் போர்வைகளாக வழங்குவதுதான் திட்டம். பிரிக்கக் கூடியதாக இணைத்தார்கள் என்பது எனக்குச் சாதனையைவிடப் பிடித்த விஷயம்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று தோன்றுகிறது. நூற்பதற்கும் நெய்வதற்கும் நம்மிடம் பழைய சொற்கள் ஏராளம்: பஞ்சு, கதிர், இழை, பாவு, ஊடை. நன்னூல் ஒரு புத்தகம் உருவாவதையே நூல் நூற்பதோடு ஒப்பிடுகிறது. புலவனுக்கு அங்கே உவமை நூற்கிற பெண். ஆனால் இரண்டு ஊசிப் பின்னலுக்கு நாம் சொந்தமாகச் சொல் உண்டாக்கிக்கொள்ளவில்லை. கான்வென்டில் கற்றவர்கள் 'பிளெயின், பர்ல்' என்பார்கள். தில்லியில் கற்றவர்கள் 'ஸீதா, உல்டா' என்பார்கள். பால் கணக்கைத் தமிழில் போடுகிற மாமி ஊசியைக் கையில் எடுத்ததும் இந்திக்கு மாறிவிடுவார். ஊசிக்கு இந்தியில் 'ஸலாயீ'. நம் 'சலாகை'யும் அதுவும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. எந்தச் சொல்லாலும் இந்த வித்தையைப் புத்தகத்தில் எழுதி முழுக்கக் கொடுக்க முடிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்துத்தான் வருகிறது. கைபேசிப் படத்தைப் பார்த்துக் கற்பவர்கள் இன்று நிறைய. ஆனால் தையல் நழுவும்போது படம் உங்கள் கையை எட்டிப் பார்ப்பதில்லை.

கபாடிவாலா வேண்டாமென்ற மூன்று பைக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்துத் தமிழ்க் குடும்பத்தில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி. கைபேசியில் பார்த்துக் குல்லாய் பின்ன ஆசைப்பட்டு, அம்மாவிடம் புது நூல் கேட்டிருக்கிறாள். 'வீணாக்குவாய்' என்று அம்மா மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளை மூதாட்டி மேலே கூப்பிட்டுப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். முதல் வாரம் இருபது தையல் போட்ட பட்டை ஒன்று, இருபத்தாறு தையலில் போய் முடிந்தது. "தாதி, தப்பாயிடுச்சு." "உதேட் தோ" என்றார் அவர், பிரித்துவிடு என்று. "பிரித்தால் நூல் எங்கே போய்விடும்? இங்கேதானே இருக்கும்." அந்த மெரூன் நூல் குறைந்தது ஏழு முறை பிரிந்தது. எட்டாவது முறை அது ஒரு குல்லாயாக நின்றது. ஒரு காது மூடியது, ஒரு காது மூடவில்லை. பெண் ஜனவரி முழுவதும் அதைத்தான் போட்டுக்கொண்டாள்.

மிச்ச நூலின் மதிப்பு எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. புது நூலில் யாரும் நம்மைக் கற்க விடமாட்டார்கள். விலை கொடுத்ததை வீணாக்குவோம் என்ற பயம் கொடுப்பவருக்கும் இருக்கும், வாங்குபவருக்கும் இருக்கும். விலையே இல்லாத நூலுக்கு அந்தப் பயம் இல்லை. கெட்டால் பிரிக்கலாம், மறுபடி கெட்டால் மறுபடி பிரிக்கலாம். கட்டிலுக்கடியில் கிடப்பது துணிப்பை அல்ல, ஒரு வகுப்புக்கு வேண்டிய தளவாடம். ஆசிரியரும் அதே வீட்டில், வெயில் விழும் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நூல் இன்னும் இருபது வருஷம் கிடக்கும். அவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

ஆகவே இந்தக் குளிரில் போர்வை முடிகிறதோ இல்லையோ, ஒன்று செய்யலாம். 50 கிராம் உருண்டை ஒன்று, 8 ஆம் எண் ஊசி ஒரு ஜோடி. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பின்னத் தெரிந்த பெரியவரிடம் கொடுத்து, இருபது தையல் ஏற்றித் தரச் சொல்லுங்கள். இருபத்தோராவது தையல் எங்கிருந்து வந்தது என்று அவர் கண்டுபிடித்துக் காட்டுவார்.